ரோடு ரேஷ் டு வைஸ் சிட்டி... பரணில் தூங்கும் பழைய பி.சி-யை எழுப்புவோமா? ஒரு ரெட்ரோ கம்ப்யூட்டர் கைடு!

ஞாயிற்றுக்கிழமை காலை. தெருவில் மைக் கட்டிய ஆட்டோ வருகிறது. "பழைய இரும்பு, பித்தளை, பிளாஸ்டிக், பழைய டி.வி, கம்ப்யூட்டர் எடுக்கறோம்..." சத்தம் கேட்டதும் அம்மா பரணை நிமிர்ந்து பார்க்கிறார். "கண்ணு, அந்தக் கம்ப்யூட்டர் பொட்டிய எறக்கிப் போட்றலாமா? சும்மா எடத்த அடைச்சுட்டுக் கெடக்குது."

ஒரு நிமிஷம். போட்றாதீங்க!

வெள்ளையாக வாங்கி, இப்போது மஞ்சளாகிப்போன அந்தப் பெட்டிக்குள்தான் உங்கள் அண்ணன் ரோடு ரேஷில் செயினைச் சுழற்றினார். அதில்தான் உங்கள் மாமா ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் ராத்திரி முழுக்க விறகு வெட்டினார். நீங்கள் 2கே கிட் என்றால், வைஸ் சிட்டியில் முதல் பைக்கைத் தூக்கியதும் அதில்தான். அந்தப் பெட்டி மறுபடி உயிர் பெறலாம். அது முடியாத நிலையில் இருந்தாலும், கழித்துக் கட்டிய பார்ட்ஸை வைத்தே ஒரு ரெட்ரோ பி.சி-யை நீங்களே கட்டலாம். எதை வாங்குவது, எதைத் தொடவே கூடாது, கோவை பக்கம் எங்கே தேடுவது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'போன்லயே எல்லாம் ஓடுதே... எதுக்கு இது?'

நியாயமான கேள்விதான். டேவ், பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா, டூம் மாதிரி டாஸ் காலத்து கேம்களுக்கு டாஸ்பாக்ஸ் என்ற எமுலேட்டர் போதும். லேப்டாப்பில் ஓடும், ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும். அந்த கேம்கள் மட்டும்தான் வேண்டும் என்றால், பைசா செலவு பண்ணாதீர்கள்.

சிக்கல் வருவது அடுத்த தலைமுறை கேம்களில். 90-களின் பிற்பாதியில் வந்த பல கேம்களின் இன்ஸ்டாலர் 16 பிட் புரோகிராம். இன்றைய 64 பிட் விண்டோஸ் அதைத் திறக்கவே திறக்காது. 2000-களின் தொடக்கத்தில் வந்த பல கேம் சி.டி-க்களில் 'சேஃப்டிஸ்க்' என்ற காப்பிப் பாதுகாப்பு இருந்தது. 2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. அதாவது, காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் சி.டி கையில் இருந்தும் ஓடாது. அது ஓட, அந்தக் காலத்து மெஷின் வேண்டும்.

முதலில் கேம்... அப்புறம் வருஷம்... கடைசியில்தான் பார்ட்ஸ்!

ரெட்ரோ பி.சி கட்டுகிறவர்கள் செய்யும் முதல் தப்பு, கண்ணில் பட்ட பார்ட்ஸை எல்லாம் வாங்கிக் குவிப்பது. நானும் அதைத்தான் செய்தேன். ஆன்லைனில் ஒரு ஏ.ஜி.பி கிராஃபிக்ஸ் கார்டைப் பார்த்ததும் ஆர்டர் போட்டுவிட்டேன். கூரியர் வந்த பிறகுதான் வீட்டிலிருந்த போர்டைத் திறந்து பார்த்தேன். அதில் ஏ.ஜி.பி ஸ்லாட்டே இல்லை! அந்த கார்டு ரொம்ப நாளைக்கு மேஜை மேல் பேப்பர் வெயிட்டாக இருந்தது.

அதனால் ஒரு பேப்பரை எடுங்கள். கட்டாயம் விளையாட நினைக்கும் ஐந்து கேம்களை எழுதுங்கள். பக்கத்தில் அவை வந்த வருஷத்தைப் போடுங்கள். எந்த மெஷின் வேண்டும் என்பதை அந்த வருஷமே சொல்லிவிடும்.

1990 - 95: டேவ், பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா, டூம். இவற்றுக்கு 486 அல்லது முதல் தலைமுறை பென்டியம், ஐ.எஸ்.ஏ சவுண்ட் கார்டு எல்லாம் வேண்டும். கிடைப்பது கஷ்டம், விலையும் எகிறும். ஐ.எஸ்.ஏ ஸ்லாட் உள்ள போர்டுகளைப் பழைய தொழிற்சாலை மெஷின்களை ஓட்டுகிறவர்களும் தேடுகிறார்கள். போதாக்குறைக்கு, இந்தக் காலத்து கேம்கள் சில வேகமான பிராசஸரில் தறிகெட்டு ஓடும். முதல் பில்டுக்கு இது வேண்டாம். டாஸ்பாக்ஸே போதும்.

1996 - 2000: ரோடு ரேஷ், நீட் ஃபார் ஸ்பீடு 2, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், மிட்டவுன் மேட்னஸ், பிராஜக்ட் ஐ.ஜி.ஐ. இதற்கு பென்டியம் 3, 128 முதல் 256 எம்.பி வரை ரேம், 1999-ல் வந்த விண்டோஸ் 98 செகண்ட் எடிஷன். ரெட்ரோ ரசிகர்கள் கொண்டாடும் காலம் இது.

2001 - 05: மேக்ஸ் பெய்ன், கிரிக்கெட் 2002, வைஸ் சிட்டி, மோஸ்ட் வான்டட். இதற்கு பென்டியம் 4, 512 எம்.பி ரேம், விண்டோஸ் எக்ஸ்.பி. பார்ட்ஸ் சுலபமாகக் கிடைக்கும் காலமும் இதுதான்.

முதல்முறை கட்டுகிறீர்களா? இன்டெல் 865 சிப்செட் போர்டு ஒன்றைப் பிடியுங்கள். அதில் விண்டோஸ் 98, எக்ஸ்.பி இரண்டுமே ஓடும். ஒரே பெட்டியில் இரண்டு காலம்! பட்டியலில் இருக்கும் கேம்களில் பெரும்பாலானவை இதிலேயே முடிந்துவிடும்.

மதர்போர்டு: கடைசி இரண்டு எழுத்தைப் படிங்க!

என்னை ஏமாற்றியது அந்த இரண்டு எழுத்துதான். சிப்செட் பெயர் 845ஜிவி, 865ஜிவி என்று 'ஜிவி'யில் முடிந்தால், ஏ.ஜி.பி கார்டு போட வழியில்லை. ஆன்போர்டு கிராஃபிக்ஸ் மட்டும்தான். 865ஜி, 865பிஇ என்றால் தைரியமாக வாங்கலாம். பென்டியம் 3 பக்கம் போனால், 810 சிப்செட்டிலும் ஏ.ஜி.பி ஸ்லாட் கிடையாது. 815 அல்லது 440பிஎக்ஸ் தேடுங்கள்.

அடுத்து கெபாசிட்டர். பிராசஸரைச் சுற்றி நிற்கும் சின்னச் சின்ன டப்பாக்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருந்தால் நல்லது. உப்பியிருந்தாலோ, பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அது நோயாளி. 2000-களின் தொடக்கத்தில் உலகம் முழுக்கத் தரமில்லாத கெபாசிட்டர்கள் போர்டுகளில் ஏறிவிட்டன. அந்தப் பிரச்னை இன்றுவரை தொடர்கிறது. போர்டு சும்மா கிடைத்து, நல்லா சால்டரிங் பண்ணும் ஆள் பக்கத்தில் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். காசு கொடுத்து மட்டும் வாங்காதீர்கள்.

ரேம்: ஜாஸ்தி போட்டாலும் தப்பு!

'எவ்வளவு ரேம் இருக்கோ அவ்வளவு நல்லது' என்பது இங்கே செல்லாது. 512 எம்.பி-க்கு மேல் ரேம் இருந்தால் விண்டோஸ் 98 தடுமாறும், சில நேரம் பூட் ஆகவே ஆகாது. இரண்டு ஓ.எஸ்-ஸும் ஒரே பெட்டியில் வேண்டும் என்றால் 512 எம்.பி-யோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பென்டியம் 3 போர்டுக்கு எஸ்.டி ரேம், 865 போர்டுக்கு டி.டி.ஆர் ரேம். டி.டி.ஆர் 2 இதில் பொருந்தாது. வெட்டு இருக்கும் இடம் வேறு. அழுத்தித் திணித்தால் ஸ்லாட்தான் உடையும்.

கிராஃபிக்ஸ் கார்டு: பெயருக்குக் காசு கொடுக்காதீங்க

ரெட்ரோ உலகத்தில் சூப்பர் ஸ்டார் '3டிஎஃப்எக்ஸ் வூடூ' கார்டுகள்தான். அந்த கம்பெனி தன் சொத்துகளை என்விடியாவுக்கு விற்கும் முடிவை 2000 டிசம்பரில் எடுத்தது. புதிதாக யாரும் தயாரிப்பதில்லை. அதனால் விலை எட்டாத உயரத்தில் இருக்கிறது. 'கிளைட்' என்ற அதன் தனி மொழியில் எழுதப்பட்ட கேம்களுக்கு மட்டும்தான் அது உண்மையிலேயே அவசியம். அந்த கேம்களிலும் பல டைரக்ட் எக்ஸ் வழியாக ஓடிவிடும்.

நம்ம ஊரில் சாதாரணமாகக் கிடைப்பது என்விடியா ஜிஃபோர்ஸ் 2 எம்.எக்ஸ், ஜிஃபோர்ஸ் 4 எம்.எக்ஸ் 440, எஃப்.எக்ஸ் 5200. பென்டியம் 3-க்கு முதல் இரண்டில் எது கிடைத்தாலும் போதும். பென்டியம் 4-ல் வைஸ் சிட்டி ஆட எஃப்.எக்ஸ் 5200 சமாளிக்கும். ஆனால் அதில் 64 பிட், 128 பிட் என இரண்டு ரகம் உண்டு. 64 பிட் கார்டு இழுவை. கேட்டு வாங்குங்கள். 2005-ல் வந்த மோஸ்ட் வான்டட் அழகாகத் தெரிய வேண்டும் என்றால் ஜிஃபோர்ஸ் 6600 அளவுக்குப் போக வேண்டியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஏ.ஜி.பி-யில் 3.3 வோல்ட், 1.5 வோல்ட் என இரண்டு வகை இருக்கிறது. கார்டின் வெட்டு ஸ்லாட்டோடு பொருந்தவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பலத்தைக் காட்டினால் போர்டே போய்விடும்.

சவுண்டு: விண்டோஸ் கேம்களுக்கு ஆன்போர்டு சவுண்டே போதும். கிரியேட்டிவ் சவுண்ட் பிளாஸ்டர் லைவ் கார்டு மலிவாகக் கிடைத்தால் விடாதீர்கள். எதிரியின் காலடி எந்தப் பக்கம் கேட்கிறது என்பதே வேறு மாதிரி இருக்கும்.

ஹார்டு டிஸ்க்: பழசை நம்பாதீங்க

இருபது வருஷப் பழைய ஹார்டு டிஸ்க் இன்றைக்குச் சுற்றும். நாளைக்குச் சுற்றுமா என்று யாரும் சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக காம்பேக்ட் ஃப்ளாஷ் கார்டை ஐ.டி.ஈ-யில் செருகும் அடாப்டர் ஒன்று வாங்குங்கள். பழைய கேமராக்களில் இருந்த அதே கார்டுதான். சத்தமில்லை, சூடில்லை. வேறொரு கார்டை மாற்றிச் செருகினால் வேறொரு ஓ.எஸ். விண்டோஸ் 98-க்கு 137 ஜி.பி-க்கு மேல் உள்ள டிஸ்க் ஆகாது. பென்டியம் 3 காலத்து போர்டுகள் சில 32 ஜி.பி-க்கு மேல் பார்த்தாலே திணறும். 16 அல்லது 32 ஜி.பி கார்டு தாராளம்.

ஃபிளாப்பி டிரைவ் வேண்டுமா? இங்கே கொங்கு நாட்டுக்கு ஒரு வசதி. பழைய எம்ப்ராய்டரி மெஷின்கள் டிசைனை ஃபிளாப்பியில்தான் வாங்கிக்கொள்ளும். அந்த டிரைவுக்குப் பதிலாக பென் டிரைவ் போடும் 'ஃபிளாப்பி எமுலேட்டர்' பெட்டி இப்படிப்பட்ட மெஷின்களுக்காகவே விற்கப்படுகிறது. அதே பெட்டி உங்கள் ரெட்ரோ பி.சி-யிலும் உட்கார்ந்துவிடும். திருப்பூரில் எம்ப்ராய்டரி மெஷின் சர்வீஸ் பண்ணும் தெரிந்தவர் யாராவது இருந்தால் விசாரியுங்கள்.

எஸ்.எம்.பி.எஸ்: இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்

மற்ற எல்லாம் பழசாக இருக்கலாம். எஸ்.எம்.பி.எஸ் மட்டும் புதுசாக, நல்ல பிராண்டாக இருக்கட்டும். செத்துப்போகும்போது கூடவே போர்டையும் இழுத்துக்கொண்டு போகும் பார்ட் அது. '20+4 பின்' என்று போட்டிருந்தால் பழைய போர்டிலும் பொருந்தும். பென்டியம் 4 போர்டில் தனியாக 4 பின் கனெக்டர் இருக்கும். அது 12 வோல்ட்டில் பிராசஸரை ஓட்டுவதால் இன்றைய எஸ்.எம்.பி.எஸ் ஒத்துப்போகும். பென்டியம் 3 போர்டுகள் பெரும்பாலும் 5 வோல்ட்டை நம்பி இருப்பவை. லேபிளில் 5 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். இன்றைய எஸ்.எம்.பி.எஸ்-களில் அது குறைவாகத்தான் இருக்கும். முதல் பில்டுக்கு பென்டியம் 4 சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மானிட்டர், கீபோர்டு

அந்தக் காலத்து கேம்கள் 4:3 அளவுக்கு வரையப்பட்டவை. அகலமான எல்.இ.டி மானிட்டரில் போட்டால் ரோடு ரேஷ் பைக் சப்பையாகத் தெரியும். பெட்டி மாதிரி இருக்கும் சி.ஆர்.டி மானிட்டர் கிடைத்தால் ராஜபோகம். இடமில்லையா? 15 இன்ச் சதுர எல்.சி.டி வாங்குங்கள். அதன் 1024 x 768 அளவு சரியாகப் பொருந்தும். 17 இன்ச் சதுர எல்.சி.டி 5:4 அளவு, கொஞ்சம் இழுத்த மாதிரி இருக்கும்.

சி.ஆர்.டி-யின் பின் மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கலாம்.

கீபோர்டுக்கு நம்ம ஊர் கில்லி இருக்கிறது: டி.வி.எஸ் கோல்டு. பில் போடும் கவுன்ட்டரிலும் டி.டி.பி சென்டரிலும் 'டக் டக்' என்று கேட்குமே, அதேதான். இன்று கேமர்கள் தேடி வாங்கும் மெக்கானிக்கல் கீபோர்டை நம்ம ஊரில் டைப்பிஸ்ட்டுகள் எப்போதோ தட்டிவிட்டார்கள். உருண்டை பி.எஸ்/2 பின் வைத்தது கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பி.எஸ்/2 கீபோர்டை மெஷின் ஆஃபில் இருக்கும்போதுதான் செருக வேண்டும்.

எங்கே தேடலாம்?

முதலில் பரண். உங்கள் வீடு, பெரியப்பா வீடு, அத்தை வீடு, மூடிப்போன பிரௌசிங் சென்டர், ஆடிட்டர் ஆபீஸ் ஸ்டோர் ரூம். வீட்டில் ஒருவர் பார்த்துப் பார்த்து வைத்திருந்த மெஷின், கடையில் குவியலில் கிடக்கும் போர்டைவிட எப்போதும் மேல்.

அடுத்து காந்திபுரம் பக்கம் உள்ள கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகள். கண்ணாடி போட்ட ஷோரூம் வேண்டாம். மாடிப்படி ஏறிப் போகிற, மேஜை நிறைய போர்டு கிடக்கிற கடையாகப் பாருங்கள். பிறகு உக்கடம் பக்கத்துப் பழைய சாமான் கடைகள். எதுவும் சிக்கவில்லை என்றால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்.

கடையில் பேச்சு இப்படித்தான் ஆரம்பிக்கும்.

"ஏனுங்ணா, பழைய பென்டியம் போர்டு இருக்குங்களா?"

"உள்ள கெடக்குது தம்பி. எதுக்கு, சர்வீஸுக்குங்களா?"

"இல்லீங்ணா, பழைய கேம் வெளையாட."

அவர் சிரிப்பார். பிறகு தன் பையன் விளையாடிய கதையைச் சொல்லிக்கொண்டே உள்ளே போய்த் தேடுவார். வெட்கப்படாமல் காரணத்தைச் சொல்லுங்கள். அரிய பொருளைத் தேடி வந்த வியாபாரி என்று நினைத்தால் சொல்லும் விலை வேறு.

காசு கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி: "டிஸ்ப்ளே வருதுங்களா?" வருகிறது என்றால் கண் முன்னே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிராசஸரின் பின்கள் வளைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மோந்தும் பாருங்கள். கருகிய வாடை பொய் சொல்லாது.

பழைய போர்டுகள் நாளுக்கு நாள் குறைகின்றன என்பதையும் மறக்க வேண்டாம். பின்களில் பூசிய தங்கத்துக்காகவும் மற்ற உலோகங்களுக்காகவும் அவை கிலோ கணக்கில் போகின்றன. உயிரோடு இருக்கும் போர்டுக்கும் செத்த போர்டுக்கும் அங்கே ஒரே விலை. தராசில் ஏறிய போர்டு திரும்பி வராது.

ஸ்விட்ச் போடும் முன் ஏழு வேலைகள்

1. ஹார்டு டிஸ்க்கை முதலில் கழற்றுங்கள். ஐ.டி.ஈ டு யு.எஸ்.பி அடாப்டர் மூலம் லேப்டாப்பில் மாட்டி, உள்ளே இருப்பதை எல்லாம் காப்பி எடுங்கள். அந்த டிஸ்க்குக்கு இதுவே கடைசி ஓட்டமாக இருக்கலாம். அதனால் மற்ற எதற்கும் முன்னால் இதைச் செய்யுங்கள்.

2. பழைய எஸ்.எம்.பி.எஸ்-ஸையே சோதிக்கப் போகிறீர்களா? பின்னால் சின்ன சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். அது 230-ல் இருக்க வேண்டும். 115-ல் வைத்து நம்ம ஊர் கரன்ட்டைக் கொடுத்தால் தீபாவளிதான்.

3. தூசி. சோமனூர், பல்லடம் மாதிரி விசைத்தறி ஊர் என்றால் ஃபேனுக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் பஞ்சு மெத்தையே இருக்கலாம். பிரஷ்ஷும் புளோயரும் போதும். காற்றடிக்கும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

4. பிராசஸர் மேல் காய்ந்துபோன பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புது தெர்மல் பேஸ்ட் வையுங்கள்.

5. சி-மாஸ் பேட்டரியை மாற்றுங்கள். சி.ஆர் 2032, எல்லா எலெக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும்.

6. டிஸ்ப்ளே வரவில்லையா? நம்ம ஊர் வைத்தியம் இருக்கவே இருக்கு. ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பின்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துடைத்து மறுபடி போடுங்கள்.

7. இன்டர்நெட் கேபிளை மட்டும் மாட்டாதீர்கள். விண்டோஸ் 98-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2006-லும், எக்ஸ்.பி-க்கு 2014-லும் நின்றுவிட்டது. டிரைவர்களை வேறு மெஷினில் டவுன்லோடு செய்து சி.டி-யிலோ, கார்டிலோ மாற்றிக்கொள்ளுங்கள்.

காசு போடும் முன் ஒரு ஒத்திகை வேண்டும் என்றால், 86பாக்ஸ் என்ற இலவச எமுலேட்டர் இருக்கிறது. போர்டு, பிராசஸர், கார்டு என ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து ஒரு பழைய பி.சி-யை லேப்டாப்பிலேயே கட்டிப் பார்க்கலாம். லேப்டாப் கொஞ்சம் வலுவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு விஷயம்

அவிநாசி ரோட்டில் ஜி.டி கார் மியூசியத்துக்குப் போயிருப்பீர்கள். காலாவதியான வண்டிகளைத் துடைத்து அழகு பார்க்கும் ஊர் இது. பம்ப்செட் மோட்டாருக்கு காயில் கட்டி, மறுபடி மறுபடி ஓட வைக்கும் ஊர். ஒரு கம்ப்யூட்டரை மட்டும் ஏன் தராசில் ஏற்ற வேண்டும்?

நிஜமாகவே செத்துப்போன பார்ட்ஸ் இருக்கும். அதைக் குப்பையில் போடாதீர்கள், எரிக்கவும் வேண்டாம். சி.ஆர்.டி கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. அனுமதி பெற்ற இ-வேஸ்ட் மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுங்கள்.

மற்றதை வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, முதல் வேலையாகக் காப்பி எடுத்தீர்களே, அந்த ஹார்டு டிஸ்க்கில் இருப்பதை நிதானமாகத் திறந்து பாருங்கள். 2003-ல் யாரோ ஸ்கேன் செய்த கல்யாண ஆல்பம் இருக்கலாம். அப்பா டைப் செய்து பாதியில் விட்ட லோன் லெட்டர் இருக்கலாம். அண்ணன் சேவ் செய்து வைத்த வைஸ் சிட்டி மிஷன், அவர் விட்ட இடத்திலேயே நிற்கலாம்.

அடுத்த ஞாயிறு மைக் ஆட்டோ வரும்போது, "இன்னிக்கு ஒண்ணும் இல்லீங்ணா" என்று சொல்லிவிட்டு, அண்ணனுக்கு ஒரு போன் போடுங்கள். அந்த மிஷனை அவரே வந்து முடிக்கட்டும்!